கேபிளை நிறுத்திட்டு டிடி ஃப்ரீ டிஷ் போடலாமா? செலவு, சேனல், டிஷ் திருப்பும் வேலை

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். வீட்டுக் கேபிள் மாசம் 310 ரூபாய். சீட்டுல மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கு. எந்த சேனலுக்கு எவ்வளவுன்னு கேட்டா "பேக் அப்படித்தான்"னு பதில். லேசா தூறல் விழுந்தாலே நாலைஞ்சு சேனல் கட்டம் கட்டமா உடையுது, மத்த சேனல் நல்லா இருக்கு. புகார் சொன்னா எண் எதுவும் தர்றதில்லை. வீட்டில் பார்ப்பது செய்தி, தூர்தர்ஷன், பழைய படம், சீரியல் கிடையாது.

மூணு கேள்வி. தூர்தர்ஷனோட மாசக் கட்டணம் இல்லாத டிடிஎச்சான ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போனா தமிழில் உண்மையில் என்ன கிடைக்கும்? மாடியில் பழைய தனியார் டிடிஎச் டிஷ் ஒன்று சும்மா நிக்குது, அது ஆகுமா? அதுக்குப் பக்கத்திலேயே அந்தக் காலத்து அலுமினிய ஆன்டெனாவும் இருக்கு, அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

கணக்குப்பிள்ளை (திருச்சி)

முதலில் அந்த 310-ஐப் பிரித்துப் பாருங்கள். 1.18-ஆல் வகுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி கழிந்து 262 ரூபாய் 71 காசு வரும். அதில் இணைப்புக் கட்டணமான என்சிஎஃப் 130 என்று வைத்தால், மீதி 132 ரூபாய் 71 காசுதான் கட்டண சேனல்களுக்குப் போகிறது. கட்டண சேனல் எதையும் பார்க்காத வீடு அந்த 132-ஐ வீணாகக் கட்டுகிறது.

2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. முதலில் 130 ரூபாய்க்கு 100 சேனல். 2020-இல் செய்த திருத்தத்தில் அதே 130-க்கு 200 சேனல், அதற்கு மேல் போனால் 160 என்று உச்சவரம்பு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது என்சிஎஃப் எவ்வளவு என்று நிறுவனமே முடிவு செய்து வெளியிடலாம். ஆகவே "சட்டப்படி 130தான்" என்று போய் நின்றால் வாதம் எடுபடாது. கேட்க வேண்டியது இது: "உங்கள் என்சிஎஃப் எவ்வளவு, என் பேக்கின் பெயர் என்ன, அதன் விலை என்ன?" இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கட்டண சேனலே இல்லாமல், இலவச சேனல்கள் மட்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 130 என்றால் வரியோடு 153 ரூபாய் 40 காசு. பேக் வேண்டாம், ஒன்றிரண்டு சேனல் மட்டும் தனியாகப் போதும் என்றாலும் சரி. 19 ரூபாய் சேனல் வரியோடு 22 ரூபாய் 42 காசு. அப்படி மூன்று எடுத்தால் 67 ரூபாய் 26 காசு. மொத்தம் 220 ரூபாய் 66 காசு. இதைக் கேபிள்காரர் தானாக முன்வந்து சொல்ல மாட்டார். பாக்ஸ் மெனுவில் சந்தாப் பக்கத்தைத் திறந்தால் பேக்கின் பெயரும் முடியும் தேதியும் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

புகார் விஷயம். டிராய் விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும். சிக்னலே இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் தீர்வு, பில் தகராறுக்கு 7 நாள், மற்றவைக்கு 72 மணி நேரம். தெருவில் வசூலுக்கு வரும் தம்பியிடம் சொல்வது புகார் கணக்கில் சேராது. பாக்ஸ் எந்த எம்எஸ்ஓவுடையதோ (உள்ளூர் கேபிள்காரருக்குச் சிக்னல் தரும் பெரிய நிறுவனம்) அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணில் சொல்லி, பதிவு எண் வாங்கினால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்.

கேபிள் வேலைக்காரன் (ஈரோடு)

லைன் பக்கம் நின்னு ஒண்ணு சொல்றேன். "நாலைஞ்சு சேனல் மட்டும் உடையுது, மத்தது நல்லா இருக்கு"ன்னா மழையே காரணம்னு முடிவு கட்டாதீங்க. டிஜிட்டல் கேபிள்ல பத்துப் பன்னிரண்டு சேனல் ஒரே அலைவரிசையில கட்டா வரும். ஒரு கட்டு மட்டும் சாகுதுன்னா, அந்த அலைவரிசையில உங்க வீட்டுக்கு வர்ற அளவு விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம். ஈரம் பட்டதும் விழுந்துடுது.

வீட்டுக்குள்ள பாருங்க. ஒரு கேபிளைப் பல டிவிக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டர்ல, இரண்டு வழி சுமார் 3.5 முதல் 4 டெசிபல் தின்னும், நாலு வழி 7 முதல் 8. ஒரே டிவி இருக்கிற வீட்டுல நாலு வழி ஸ்பிளிட்டர் தொங்குறது ரொம்ப சகஜம். அதைக் கழட்டிட்டு நேரா பாக்ஸுக்குக் கொடுத்தாலே பாதி வீட்டுல உடையறது நின்னுடும். அப்புறம் கனெக்டரைக் கழட்டி நடுக்கம்பியைப் பாருங்க. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தா ரெண்டு அங்குலம் வெட்டிட்டுப் புது கனெக்டர் போடணும். இவ்வளவு செஞ்சும் உடைஞ்சா கோளாறு வெளியில, கம்பத்துல வீட்டு இணைப்பு பிரியற டேப்பிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. அது ஆபரேட்டர் வேலை; மீட்டர் வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. பாக்ஸ் முனையில 45 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குக் கீழ இருந்தா தாராளமா சண்டை போடலாம்.

எல்லாப் பழியும் உள்ளூர் ஆபரேட்டர் தலையில விழறதும் நியாயம் இல்லீங்க. பேக் விலையை வைக்கிறது சேனல் நிறுவனமும் எம்எஸ்ஓவும். ஆனா பதிவு எண் தராததுக்கும் கணக்குச் சீட்டு தராததுக்கும் சமாதானமே கிடையாது. அது தப்புதான்.

சேதுக்கடல் (ராமநாதபுரம்)

மூன்றாவது கேள்விக்கு நான். அந்த அலுமினிய ஆன்டெனா தரைவழி ஒளிபரப்புக்கானது. எங்கள் பக்கம் அதை உயரத் தூக்கி இலங்கையின் ரூபவாஹினி பார்த்த காலம் உண்டு. தென்மாவட்டங்களுக்குக் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் வந்தது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஒரு சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. சென்னை போன்ற சில நகரங்களுக்கு 2016-இல் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தது. அதற்கு டிவிக்குள் அதே வகை டியூனர் வேண்டும். மதுரையில் அந்தக் கம்பியை நம்ப வேண்டாம்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கும் அது உதவாது. அது சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கானது, செயற்கைக்கோளிலிருந்து வருவது 11 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். ஆனால் ஆன்டெனா நிற்கும் குழாய் துருப்பிடிக்காமல் செங்குத்தாக இருந்தால் டிஷ் மாட்டப் பயன்படும். கம்பியை இறக்கிவிட்டுக் குழாயை வைத்துக்கொள்ளுங்கள்.

பொதிகைப் பார்வை (தென்காசி)

தமிழில் என்ன கிடைக்கும் என்பதற்கு நேரான பதில்: குறைவு. டிடி தமிழ் உறுதி (முன்பு பொதிகை, 2024 ஜனவரியில் பெயரும் உருவமும் மாறியது). மற்ற டிடி சேனல்கள், பிஎம் இ-வித்யா கல்விச் சேனல்கள், வானொலி எல்லாம் வரும். தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. அங்கே இடம் ஏலத்தில் போகிறது. ஏலம் எடுப்பவர்கள் குறிவைப்பது வடக்கத்திப் பார்வையாளர்களை. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டண சேனல்களை இதில் எதிர்பார்க்காதீர்கள். ஏலம் முடியும்போதெல்லாம் பட்டியல் மாறும், அதனால் மாதம் ஒருமுறை சேனல் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும்.

2024 ஜூலைத் திருத்தத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷில் காசில்லாமல் கிடைக்கும் சேனல் எதுவானாலும் கேபிளிலும் டிடிஎச்சிலும் அது இலவச சேனல்தான். அங்கே சும்மா காட்டிவிட்டு இங்கே காசு கேட்க முடியாது. உங்கள் பேக்கில் அப்படி ஏதாவது கட்டண சேனலாக நின்றால் கேள்வி கேளுங்கள்.

வீட்டில் சீரியல் பார்ப்பவர் ஒருவர் இருந்தால்கூட, கேபிளை உடனே வெட்டாதீர்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுபோல் தனிச் சேனல் கணக்குக்கு இறங்குங்கள். உங்கள் வீட்டுக்கு ஃப்ரீ டிஷ்ஷோடு, இணையத்தில் நேரலையாக வரும் செய்தி சேனல்கள் போதும்.

மொட்டைமாடி (சென்னை)

பழைய டிஷ் தாராளமாக ஆகும். 60 சென்டிமீட்டர் டிஷ் யார் பெயர் போட்டிருந்தாலும் தகடு தகடுதான். நெளிவு மட்டும் இருக்கக் கூடாது: மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு ஒரு நூல், குறுக்கே ஒரு நூல் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் டிஷ் சரி. இடைவெளி விழுந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ தகடு முறுக்கிக்கொண்டிருக்கிறது.

வாங்க வேண்டியவை: எம்பெக்-4, டிவிபி-எஸ்2 என்ற புது வகைச் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் படிக்கும் பாக்ஸ் ஒன்று. எம்பெக்-2 மட்டும் படிக்கும் பழைய பாக்ஸ் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். புது சேனல்கள் அதில் வராது. டிவியின் விவரக் குறிப்பில் டிவிபி-எஸ்2 டியூனர் என்று இருந்தால் பாக்ஸே வேண்டாம். யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) ஒன்று, 9750/10600 என்று அச்சிட்டது. ஆர்ஜி-6 கேபிள், 30 மீட்டருக்குள். அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர் இரண்டு. முறுக்கிப் போடும் வகை மழையில் தண்ணீர் குடிக்கும். எல்லாம் புதிதாக வாங்கினாலும் சுமார் 2000 ரூபாய்க்குள் முடியும், பிறகு மாதக் கட்டணம் கிடையாது.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரி. சில பாக்ஸ் மெனுவில் அதே இடம் இன்சாட்-4பி என்ற பழைய பெயரில் இருக்கும், அதையே எடுக்கலாம்.

கோணங்கள், டிகிரியில் (திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக, உயரம் தரைமட்டத்திலிருந்து மேலே):
சென்னை: திசை 134, உயரம் 68
திருச்சி: 125, 68.5
மதுரை: 122, 68.5
கோவை: 123, 67
நெல்லை: 118, 69

குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பாருங்கள். இதில் சோம்பல் பட்டால் பிறகு எந்த அளவுகோலும் பொய் சொல்லும்.

டிஷ் பார்ப்பதற்கு வானத்தை நோக்கி 68 டிகிரி நிற்காது. இது ஆஃப்செட் வகை; 20 முதல் 26 டிகிரி வரை உள்ளேயே கழிவு உண்டு. நேரான சட்டம் ஒன்றை மேல், கீழ் விளிம்புகளில் சாய்த்து, அதன் மேல் கைபேசியின் கோணமானியை வைத்தால் செங்குத்திலிருந்து சுமார் 44, 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். டெல்லிப் பக்கம் எடுத்த வீடியோக்களில் டிஷ் 30 டிகிரிக்கும் குறைவாகத்தான் சாய்ந்திருக்கும், அங்கே உயரக் கோணம் 52தான். அதைப் பார்த்து வைத்தால் நம் ஊரில் சிக்னலே வராது.

மெனுவில்: எல்என்பி யுனிவர்சல், எல்என்பி பவர் ஆன், 22கே ஆஃப், டைசெக் ஆஃப். டிரான்ஸ்பாண்டர் 11090 (அலைவரிசை, மெகாஹெர்ட்ஸில்), வி (செங்குத்து அலை), 29500 (சிம்பல் ரேட்). அதோடு 11470, வி, 29500-ஐயும் சேர்த்து வையுங்கள். முதலில் உயரத்தைப் பூட்டிவிட்டுத் திசையை விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி நிறுத்துங்கள், பாக்ஸ் கணக்குப் போட நேரம் வேண்டும்.

வைகைக்கரை (மதுரை)

நன்றி அண்ணா. நூல் சோதனை பண்ணினேன், டிஷ் சரி. பாக்ஸ் வாங்கி மாட்டியாச்சு. ஸ்ட்ரெங்த் 78 காட்டுது, குவாலிட்டி 0. திசையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாச்சு. ஒரு இடத்தில் குவாலிட்டி 12 வந்து உடனே போயிடுச்சு. எல்என்பி பழைய டிஷ்ஷோட வந்தது இல்லை, புதுசு. கேபிள் முனை கீழே பார்த்த மாதிரி நேரா வச்சிருக்கேன்.

மொட்டைமாடி (சென்னை)

ஸ்ட்ரெங்த்தை மறந்துவிடுங்கள் தம்பி. எல்என்பிக்குக் கரன்ட் போகிறது, கேபிள் அறுந்துவிடவில்லை, அவ்வளவுதான் அது சொல்லும். டிஷ் சுவரைப் பார்த்து நின்றாலும் 70 காட்டும். நாம் துரத்த வேண்டியது குவாலிட்டியை மட்டும்.

நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் கோளாறு இருக்கிறது. எல்என்பியை நேராக வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஃப்ரீ டிஷ் சரியாக வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆனால் மாட்ட வருபவர்கள்கூட இதைத் தொடுவதில்லை.

செயற்கைக்கோள் தன் இடத்திலிருந்து செங்குத்து அலையாகத்தான் அனுப்புகிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், செயற்கைக்கோளுக்கு மேற்கே இருக்கிறோம். நம் கண்ணுக்கு அந்தச் செங்குத்து பக்கவாட்டில் சாய்ந்து தெரியும். டெல்லியில் சாய்வு சுமார் 27 டிகிரி. நேராக வைத்தாலும் ஐந்தில் நான்கு பங்கு சிக்னல் கிடைத்துவிடும். சென்னையில் 45. அங்கே நேராக வைத்தால் பாதி போச்சு. மதுரையில் 56, 57 டிகிரி. நேராக வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 30 சதவீதம். அதைவிடக் கெடுதல், கிடைமட்ட அலையில் வரும் மற்ற ஒளிபரப்பு அதன் மேல் ஏறிக்கொள்கிறது. அந்த 12 வந்து போனது அதனால்தான். டிஷ் திசை ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கிறது.

டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையில் வானத்தைப் பாருங்கள். எல்என்பியின் கேபிள் முனை இப்போது கடிகாரத்தில் 6-ஐக் காட்டுகிறது. அதை இடஞ்சுழியாக, அதாவது உங்கள் வலக்கைப் பக்கம், 4 மணிக்குக் கொண்டுபோங்கள். சென்னைக்காரர்களுக்கு நாலரை மணி. நெல்லை, தென்காசிக்கு 4. தப்பான பக்கம் திருப்பினால் சென்னையில் 90 டிகிரி விலகிப் போய், செங்குத்து அலை சுத்தமாக நின்றுவிடும். சில எல்என்பிகளில் கழுத்தில் அளவுக்கோடு உண்டு. இல்லாவிட்டால் இந்தக் கடிகாரக் கணக்கே போதும்.

அப்புறம் வரிசை: எல்என்பியைத் திருப்பியபின் திசை, அடுத்து உயரம், மறுபடி எல்என்பி. ஒவ்வொன்றிலும் குவாலிட்டி ஏறி இறங்கத் தொடங்கும் இரண்டு முனைகளையும் குறித்து, நடுவில் பூட்டுங்கள். நட்டை முறுக்கும்போது டிஷ் நகரும். ஒரு கை டிஷ்ஷில், ஒரு கண் டிவியில். எண் பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். ஆனால் வெயில் நாளில் 60-க்குக் கீழே விட்டுவிட்டு இறங்கினால் ஐப்பசி மழைக்கு நிற்காது.

குவாலிட்டி நன்றாக வந்து எல்லா சேனலும் பணம் கட்டினால்தான் தெரியும்படி பூட்டியிருந்தால், பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 91.5-லும் 95-லும் கட்டண ஒளிபரப்பு இருக்கிறது. இரண்டு டிகிரி நகர்த்துங்கள்.

கேபிள் வேலைக்காரன் (ஈரோடு)

ஒண்ணு சேர்த்துக்கங்க. எல்என்பியைச் சாய்ச்சதும் கனெக்டர் வாய் பக்கவாட்டைப் பார்க்கும், மழைத்தண்ணி நேரா உள்ளே போகும். ரப்பர் குல்லா மாட்டி, தன்னோட தானே ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. சாதா இன்சுலேஷன் டேப் ஒரு கோடையில உரிஞ்சுடும். கேபிளை உடனே குழாயில கட்டாம ஒரு சாண் தொங்கவிட்டு வளைச்சுக் கட்டுங்க. தண்ணி அந்த வளைவில சொட்டிடும், கனெக்டருக்கு வராது. குழாய்க்கு எர்த் கொடுங்க. இடி இடிச்சா கேபிளைப் பாக்ஸிலிருந்து கழட்டிடுங்க, ஸ்விட்ச் அணைச்சா மட்டும் போதாது.

சேதுக்கடல் (ராமநாதபுரம்)

தென்னை மறைக்கிறதா என்று பார்க்க எளிய வழி. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சூரியன் வானத்தில் ஏறக்குறைய இந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் கடக்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கும் இடத்தில் முழு வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. மட்டை நிழல் ஆடினால் சிக்னலும் ஆடும். அந்த நாட்களில் சூரியனே நேர் பின்னால் வருவதால் சில நிமிடம் படம் போய் வரும். அப்போது யாரும் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிவிட வேண்டாம், தானாகத் திரும்பும்.

வைகைக்கரை (மதுரை)

4 மணிக்குத் திருப்பினதும் குவாலிட்டி 0-லிருந்து 41. திசை, உயரம் சரி பண்ணி இப்போ 74. டிடி தமிழ் கண்ணாடி மாதிரி இருக்கு. கேபிளை எப்படி முறையா நிறுத்தணும்? இன்னொன்று, கீழ் வீட்டு டிவிக்கும் இதே டிஷ்ஷிலிருந்து கொடுக்கலாமா? கேபிளோட பழைய ஸ்பிளிட்டர் கையில் இருக்கு.

கணக்குப்பிள்ளை (திருச்சி)

நிறுத்துவதை எழுத்தில், நிறுத்தும் தேதிக்கு 15 நாள் முன்பே கொடுங்கள். பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள். ரசீது இல்லாமல் பாக்ஸ் கைமாறினால் நாளைக்கு பாக்ஸுக்கு விலை கேட்டு வருவார்கள்.

மொட்டைமாடி (சென்னை)

கேபிள் ஸ்பிளிட்டர் ஆகாது. அதில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். எல்என்பியிலிருந்து கேபிளில் இறங்குவது 11090-இலிருந்து 9750 கழித்தது, 1340 மெகாஹெர்ட்ஸ். 11470 என்றால் 1720. அந்த ஸ்பிளிட்டர் இதை விடாது. இரண்டு முனை உள்ள ட்வின் எல்என்பி வாங்கி, ஒவ்வொரு டிவிக்கும் தனிக் கேபிள் இழுங்கள். அதையும் 4 மணிக்கே வையுங்கள். மாற்றியபின் குவாலிட்டி 74-க்கு இரண்டு மூன்று எண்ணுக்குள் வர வேண்டும். வராவிட்டால் பிடிமானத்தில் எல்என்பி முன்னே பின்னே நகர்ந்திருக்கும். அரை அங்குலம் உள்ளே வெளியே தள்ளிப் பாருங்கள்.